ஆளைத் தேடிப் போன வீடுகள்

நெடுங்கரிசல் ஊரின் கிழக்குக் காலனியில் முதல் வீடு நடந்தது ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மழைக்கு முன்னால் வருகிற புழுக்கத்தில் ஊரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் கிடந்த நேரத்தில், மூன்றாம் தெரு ஏழாம் நம்பர் வீடு அஸ்திவாரத்தை விட்டு எழுந்து, வாசல்படி இரண்டையும் முதலில் எடுத்து வைத்து, தண்ணீருக்குப் போகிற எருமை மாதிரி அவசரமில்லாமல் மேற்கே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போனது. அதைப் பார்த்தவர் தபால்காரர் உத்தண்டன் ஒருவர்தான். அவர் சைக்கிளை ஓரம் கட்டி வழி விட்டார். அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் பையில் இருப்பது ஞாபகம் வரவே, பின்னாலேயே கொஞ்ச தூரம் மிதித்துப் போய் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, மிச்சத் தெருவைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வீடு எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. ஏன் காலியானது என்று கேட்டிருந்தால் எங்கள் அலுவலகம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் அப்போது நகராட்சியில் ஊரமைப்புப் பிரிவில் படம் வரைகிறவனாக இருந்தேன். படிப்பு ஒன்பதாம் வகுப்புதான். அடுத்தவர் வரைந்த படங்களின் மேல் மெல்லிய தாளைப் போட்டு நகல் எடுத்து எடுத்தே கை பழகியது.

எங்கள் ஊர் தீப்பெட்டி ஊர். முன்பிருந்த அதிகாரி இருபது வருஷத்துத் திட்டம் போட்டபோது, மூன்று மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்து மூன்று புள்ளி வைக்கச் சொன்னார், வைத்தேன். மூன்றும் ஒரே கோட்டில் ஏறிக்கொண்டு போயின. ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை அப்படியே மேலே இழுக்கச் சொன்னார், இழுத்தேன். கோடு போய் முட்டிய இடத்தில் எண்பதாயிரம் பேர் இருந்தார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் ஊருக்குக் கிழக்கே நானூற்றுப் பன்னிரண்டு வீடு கட்டினார்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற குடும்பங்களுக்கு ஒதுக்கினார்கள். ஐந்தாறு வருஷம் காலனி கலகலவென்றுதான் இருந்தது. பிறகு மிஷின் வந்தது. இருநூறு பெண்கள் பொழுதுக்கும் உட்கார்ந்து அடுக்குகிற குச்சியை அது அரை நாளில் அடுக்கியது. அதற்குள் கடைகளில் லைட்டர் தொங்கத் தொடங்கி, அந்த மிஷினுக்கும் பாதி வேலைதான் இருந்தது. ஜனங்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். வீட்டை விற்க முடியாது, வாங்க ஆள் இல்லை. பூட்டிவிட்டுப் போனார்கள்.

ஸ்கேலுக்கு இதெல்லாம் தெரியவில்லை. வீடுகளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசிக்குள் நாற்பது வீடு கிளம்பியது. முதல் வீடு ஆறு வருஷம் பூட்டிக் கிடந்து பார்த்துவிட்டுப் போனது, அடுத்தவை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மாதக்கணக்கில் கிளம்பின. கார்த்திகை வந்தபோது வழக்கம் ஒருவாறு நிலைத்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் மூன்று முழு நாள் ஆள் குரல் கேட்காவிட்டால் நாலாம் நாள் மத்தியானம் அது எழுந்து ஆள் இருக்கிற இடம் தேடிப் போகும். மின்வாரியத்து ஆட்கள் கம்பியை அவிழ்த்து விட்டார்கள். தெருநாய்கள் கூடவே போயின. கிணறும் வேப்பமரமும் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன.

ஊர் பழகிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் ஐந்தாறு காலி வீடு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும், புதுசாகக் கல்யாணமானவர்கள் சமையலறையைப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒரு வீடு நின்று, பின்னால் இருந்தவர்கள் அதைத் தாண்டிப் போகக் கூசி அரை மணி காத்திருந்தார்கள். மூன்று நாளுக்கு மேல் திருச்செந்தூருக்குப் போய்த் தங்கினவர்கள் திரும்பி வந்து இறங்கினால் அவர்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கும், பையை அங்கேயே உள்ளே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஒரு வீடு நாலு வீதி தாண்டி மாமியார் வீட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்று ஒரு மருமகள் நகராட்சிக்கே மனு எழுதினாள். வீட்டைக் கயிற்றால் மரத்தோடு கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மரம் சாய்ந்தது.

எனக்கு மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் பேச ஆள் கிடையாது. வீட்டுக்கு ரேடியோவையும் மனிதக் குரலையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். அதனால் காலையில் சட்டை போடும்போது இன்றைக்கு என்ன கிழமை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

எல்லா வீடும் ஊருக்குள் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வீடு வடக்கே ரோட்டைப் பிடித்து, எல்லைக் கல்லைத் தாண்டி, தங்கள் ஆட்கள் போன திருப்பூர்த் திசையிலேயே போய்விட்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இந்த நேரத்தில்தான் புதுத் திட்டம் போட தேவகிருபை மேடம் வந்தார். நாசரேத்துப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, முதலில் என் மேஜையைப் பார்த்தார்.

"பழைய பிளான்ல ஸ்கேல் பிடிச்சது நீங்கதானா அண்ணாச்சி?"

"ஆமாம் மேடம்."

"இனிமே அந்த ஸ்கேலை என்கிட்ட குடுத்திருங்க."

கொடுத்துவிட்டேன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் மேலே இழுக்காமல், இருக்கிறவர்களை எண்ணலாம் என்றார். ரேஷன் கார்டு எத்தனை, குடிதண்ணீர் இணைப்பு எத்தனை என்று தெருத்தெருவாக எடுத்தோம். வீடுகள் நின்ற இடங்களை வாராவாரம் குறித்தோம். அதை வைத்து நான் புதுப்படம் வரைந்தேன். வீடிருக்கும் இடத்துக்கு மஞ்சள், கடைக்கு நீலம், பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு, விவசாய நிலத்துக்குப் பச்சை. கிழக்குக் காலனிக்கு நிறம் அடிக்கவில்லை. அங்கே பதினோரு குடும்பம்தான் மிச்சம். அவர்களுக்கு ஊருக்குள் இடம் கொடுப்பது, காலனியின் பஸ்ஸையும் தண்ணீரையும் நிறுத்துவது என்று எழுதி, படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டினோம். ஆட்சேபணை இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

முதலில் வந்தவர் உலகம்மாள் டீச்சர். கிழக்குக் காலனிப் பால்வாடியில் இருபத்தொன்பது வருஷமாக இருப்பவர், காலனி வருவதற்கு முன்பு அங்கே இருந்த குடிசைகளின் காலத்திலிருந்தே. கட்டைக் குரல். எழுதிக் கொடுக்க ஒன்றும் கொண்டு வரவில்லை.

"என் பால்வாடியை எங்க காணோம் இந்தப் படத்துல?" என்றார்.

"டீச்சர், இப்ப எத்தனை பிள்ளைங்க வருது?" என்று மேடம் கேட்டார்.

"நாலு."

"ஜனவரி கடைசியில மாவட்டத்துல இருந்து அதிகாரி வருவார். பத்துக்குக் குறைஞ்சா பூட்டச் சொல்லிருவார். அது நான் போட்ட சட்டம் இல்ல."

"தெரியும். அதான் வந்திருக்கேன். பூட்டியாச்சுன்னா என்னை எங்கயாவது ஒரு ஆபீசுல உக்கார வச்சு ரெஜிஸ்தர் எழுதச் சொல்லுவாக. பிள்ளைச் சத்தம் இல்லாம எனக்குச் சோறு இறங்காதும்மா. அந்தப் பத்துப் பிள்ளையை எங்கயாவது காட்டுங்க, நான் போயிக்கிடுதேன்."

பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், அங்கே இருக்கிற ஒரு பால்வாடியில் நிற்க இடமில்லை, இரண்டாவது ஒன்று போடலாம், ஆனால் கட்டிடம் கட்டப் பணம் வர மூன்று வருஷம் ஆகும் என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க கட்டிடத்தையே விட்டுப் பார்த்தா என்ன டீச்சர்?"

உலகம்மாள் டீச்சருக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பால்வாடி சனி, ஞாயிறு மட்டும்தான் பூட்டிக் கிடக்கும், மூன்று நாள் என்பது அதற்கு வாய்த்ததே இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் விடுமுறை வந்தபோதுகூட டீச்சர் தினமும் போய் உள்ளே உட்கார்ந்து முறுக்கு தின்றபடி சுவரோடு பேசிவிட்டு வந்திருக்கிறார்.

"அது திருப்பூருக்குப் போயிட்டுன்னா?" என்றார். "நான் வளத்த பிள்ளைகள்லாம் அங்கதான இருக்கு. முப்பத்தொரு வீடு போயிருக்கே. இதுவும் அந்த ரோட்டைப் பிடிச்சுட்டுன்னா, கட்டிடமும் போச்சு, நானும் போனேன்."

"போகலாம்," என்றார் மேடம். "போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே உக்காந்திருந்தா மாசக் கடைசியில கண்டிப்பாக் கைய விட்டுப் போகும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, ஊமையா நிக்கீக. நீங்க சொல்லுங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன்.

"அது போதும்," என்றார் டீச்சர்.

தை பிறந்து இரண்டாம் வாரம் பால்வாடியைப் பூட்டினோம். நாலு பிள்ளைகளையும் டீச்சர் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வைத்துக்கொண்டார். மூன்று நாளும் அவர் அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது என்று ஏற்பாடு. தன் குரல் சுவர் தாண்டிக் கேட்டுவிடும் என்று அவருக்கே சந்தேகம், அதனால் மூன்று நாளும் கையால் சைகை காட்டியே பிள்ளைகளை மேய்த்தார். அவை அதை ஒரு விளையாட்டென்று எடுத்துக்கொண்டு அவரைவிட அழகாகச் சைகை செய்தன.

நாலாம் நாள் மத்தியானம் காலனி ஜனமே வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டிலிருந்து டீக்கடைக்காரர் கேனோடு வந்துவிட்டார். இரண்டரை மணிக்குப் பால்வாடி எழுந்தது. சுவரில் வரைந்திருந்த கிளியும் மாம்பழமும் ஒரு குலுங்கு குலுங்கின. அது முதலில் வடக்கே பார்த்தது. உலகம்மாள் டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். பிறகு மேற்கே பார்த்தது, மேடம் ஸ்கூட்டியைக் கிளப்பினார். அப்புறம் அது இரண்டையும் விட்டுவிட்டுத் தெற்கே திரும்பி, கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிட்டது.

"அங்க ஒண்ணுமே இல்லையே," என்றார் மேடம். "அது பூரா பச்சை. விவசாய நிலம்."

அந்தப் பச்சையை அடித்தவன் நான். எனக்கும் அங்கே ஒன்றும் தெரியாது. ஆனாலும் பால்வாடி முள்ளை விலக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது, அதன் பின்னால் டீச்சரும், டீச்சருக்குப் பின்னால் நாலு பிள்ளைகளும், ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு மேடமும், கேனைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்காரரும், படச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானும், திருவிழாவுக்குப் போகிற மாதிரி ஒன்றே கால் மைல் நடந்தோம். புது நூற்பாலையின் பின்சுவர் வந்தது. சுவரை ஒட்டி நீளமாகத் தகரக் கொட்டகைகள், கொடிகளில் துணி, கொட்டகைக்கு நடுவில் புழுதியில் பிள்ளைகள். ஒன்றிரண்டு இல்லை. பால்வாடி அவர்களுக்கு நடுவில் போய் நின்று, இரண்டு பக்கமும் லேசாக அசைந்து இடம் பார்த்து, உட்கார்ந்தது.

மேடம் எண்ணினார். நாற்பத்து மூன்று.

நூற்பாலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். மூன்று வருஷமாக அங்கே இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் நம் ஊர் ரேஷன் கார்டு இல்லை, குடிதண்ணீர் இணைப்பு இல்லை. கார்டையும் குழாயையும் எண்ணிய எங்களுக்கு அவர்கள் கண்ணில் படவே இல்லை. மேடம் ஸ்கூட்டியின் மேல் சாய்ந்து நின்று என் கையிலிருந்த படத்தை வாங்கி விரித்தார், அந்தப் பச்சையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் ஸ்கேலைப் பிடுங்கினேனே அண்ணாச்சி," என்றார், "என்கிட்ட இருந்து எதைப் பிடுங்கணும்னு தெரியலையே."

அதற்குள் டீச்சர் கதவைத் திறந்து பாயை விரித்துவிட்டார். சஸ்மிதா என்ற பெண் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். டீச்சர் தமிழில் கேட்டார், அவள் ஒடியாவில் சொன்னாள், இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மூன்று நாள் சைகை பழகியது டீச்சருக்குக் கைகொடுத்தது. சத்துமாவை உருட்டி வாயில் வைத்ததும் பிள்ளைகள் அவரை மௌசி என்று கூப்பிட ஆரம்பித்தன. அது சித்தியா பெரியம்மாவா என்று தெரியாது, எதுவானாலும் சரி என்றார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. படத்தில் அந்த இடம் பச்சை. பச்சையில் பால்வாடி நடத்தக் கூடாது. மஞ்சளாக மாற்ற வேண்டுமானால் அங்கே கதவு எண் போட்ட வீடு குறைந்தது பத்து இருக்க வேண்டும், தகரக் கொட்டகை வீடு என்று எழுத முடியாது. திட்டமோ சுவரில் ஒட்டியாகிவிட்டது, இனி ஆட்சேபணை வந்தால்தான் திருத்தலாம். ஒடிசாக்காரர்களுக்கு அப்படி ஒரு சுவர் இருப்பதே தெரியாது. அதனால் மேடமே தன் திட்டத்தின் மேல் ஒரு ஆட்சேபணை எழுதினார். இந்தத் திட்டத்தைப் போட்டவர் ஆட்களை எண்ணாமல் அட்டைகளை எண்ணியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்று நீட்டி, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து வாங்கி, முத்திரை குத்தினார்.

"ஆட்சேபணை நியாயமா இருக்கே," என்றார்.

பத்து வீட்டுக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே வீடுகள் வரத் தொடங்கின. நாற்பத்தேழு பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற சத்தம் கருவேலங்காட்டைத் தாண்டி ஊருக்குள்ளும் கேட்டது. ஊருக்குள் வந்தும் ஆள் கிடைக்காமல் நின்ற பூட்டின வீடுகள் மத்தியானத்துக்கு ஒன்று இரண்டாக வந்து பால்வாடிக்குப் பின்னால் நின்றன. ஜனவரி முப்பதாம் தேதி எண்ணினால் சரியாகப் பத்து. அவற்றில் கொட்டகைக் குடும்பங்களைக் குடிவைத்துப் புதுக் கதவு எண் போட உடைமைக்காரர் சம்மதம் வேண்டும். திருப்பூருக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டோம். ஒன்பது பேர் சரி என்றார்கள். பத்தாவது வீடு செந்தூர்ப்பாண்டியுடையது. அவன் போனை எடுக்கவே இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், கண்டிப்பானவர். முதலில் கிழக்குக் காலனிக்குப் போயிருக்கிறார், பால்வாடி இருந்த இடத்தில் வேப்பமரமும் வெறும் தரையும் இருந்ததைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பிள்ளைகளை எண்ணினார், திருப்திதான். வீடுகளை எண்ணினார்.

"ஒன்பதுக்குத்தான் சம்மதம் இருக்கு," என்றார். "பத்தாவது இருந்தா இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். இல்லைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர். பூட்டித்தான் ஆகணும்."

டீச்சர் அவர் கையில் ஒரு சத்துமாவு உருண்டையைக் கொடுத்துவிட்டு, மேடத்தின் செல்போனை வாங்கி, தெரியாத எண்ணிலிருந்து வருகிறதென்று அவன் எடுக்கட்டும் என்று சத்தத்தை வெளியே வைத்து அழைத்தார். எடுத்தான்.

"யாரு?"

"நான் உலகம்மாள் டீச்சர் பேசுதேன். உன் வீடு இங்க நூற்பாலைக்குப் பின்னால நிக்குதுடே."

"வீடு எங்க வேணும்னாலும் நிக்கட்டும் டீச்சர். வடநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கணுமாம்ல. அது நான் பட்டினி கிடந்து வாங்கின வீடு. எவனோ வந்து அடுப்பு மூட்டவா?"

"நீ இப்ப எங்க இருக்க?"



"கம்பெனி மாடியிலதான்," என்றான். "தகரம் போட்டுக் குடுத்திருக்காக."

"பிள்ளைக?"

"கூடத்தான் இருக்கு."

"பக்கத்துல பால்வாடி இருக்கா?"

"எங்களை எவன் சேப்பான் இங்க. கார்டு ஊர்ல இருக்குங்கான்."

 டீச்சர் போனைக் கையில் பிடித்தபடி பத்தாம் வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் நாற்பத்தேழும், டீச்சர் தங்களைப் பார்க்கவில்லை என்று தெரிந்தவுடன், பாயின் மேல் ஏறிக் குதிக்க ஆரம்பித்தன. அந்தச் சத்தம் அவனுக்கும் போயிருக்கும். சஸ்மிதா தன் இரண்டு பிள்ளைகளோடு பத்தாம் வீட்டின் வாசல்படிக்குக் கீழே நின்றாள். யாரும் சொல்லாமல் படியில் கால் வைக்கக் கூடாது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்கு வரப்போறது எத்தனை பேரு?" என்றான் செந்தூர்ப்பாண்டி.

"ஒரு பொண்ணு. அவ புருஷன். ரெண்டு குழந்தைக."

"டீச்சர், உள் ரூம்புல மேக்கு மூலை ஒழுகும். நானே பூசணும்னு இருந்தேன், கிளம்பி வந்துட்டேன். மழை வந்தா அங்க ஒரு பாத்திரம் வைக்கச் சொல்லுங்க. குழந்தைகளை அந்தப் பக்கம் படுக்கப் போட வேண்டாம்."

அதிகாரி உருண்டையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

டீச்சர் போனை மேடத்திடம் கொடுத்துவிட்டு, சஸ்மிதாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். மேற்கு மூலையைக் காட்டினார். விரல்களைத் தலைக்கு மேலே வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கினார், இரண்டு கையையும் குவித்து ஒரு பாத்திரம் ஆக்கித் தரையில் வைத்தார், கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போலக் காட்டி, அங்கே வேண்டாம் என்று தலையசைத்தார். சஸ்மிதாவுக்கு விளங்கிவிட்டது. சிரித்தாள். தன் கொட்டகைக்கு ஓடிப் போய் ஒரு அலுமினியப் பானையை எடுத்து வந்து அந்த மூலையில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று எங்கள் எல்லோரையும் பார்த்தாள். தை மாதம், வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. சரியாக இருக்கிறது என்று சொன்னோம்.